அடைக்காமல் விட்ட ஊற்றுக்கண்

மயிலம்மாள் அந்த ஈரத்தை முதன்முதலில் பார்த்தபோது கைகூப்பினாள்.

1957ஆம் வருஷம், ஆனி மாதக் கடைசி. விடிந்தும் விடியாத நேரம். வாழைத்தார்கள் நிறம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க அரிக்கேன் விளக்கோடு நிலவறைக்குள் இறங்கியவள், கடைசிப் படியில் நின்றுவிட்டாள். தெற்குச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுண்டுவிரல் நுழையுமளவுக்கு ஒரு துவாரம். அதிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பீறிட்டெல்லாம் வரவில்லை. அரிசி கொதிக்கத் தொடங்கும்போது உலைப்பானையில் தெரியுமே, அந்த மாதிரி, பொடிமணலைத் தூக்கித் தூக்கிப் போட்டபடி மெல்லக் கொப்புளித்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது.

"ஏங்க! இங்க வாங்களேன்! நம்ம வீட்ல தண்ணி வந்திருக்குங்க!"

பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். சாவுச் செய்தியைச் சொல்கிற குரலில் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு அவளை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது.

மயிலம்மாளும் அவள் புருஷன் மருதையும் திருவெள்ளறைக்காரர்கள். அங்கே கடப்பாரையை ஓங்கிப் போட்டால் கை அதிரும். கீழே முழுக்கப் பாறை. ஊருக்கு வெளியே இருந்த அவர்கள் கொல்லையிலிருந்து கோயிலை ஒட்டிய நாலுமூலைக் கேணிக்கு நடந்து போய், வரிசையில் நின்று, இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். கல்யாணமான மறுநாள் அவள் மாமனார் வெள்ளைச்சாமி அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, "கை கழுவுற தண்ணிய மொளகாச் செடியில ஊத்தும்மா" என்பதுதான்.

அந்த வெள்ளைச்சாமி தன் கொல்லையில் பதினோரு வருஷம் கிணறு வெட்டினார். அறுபத்திரண்டு அடி. நாற்பது அடி ஆழத்தில் ஒருநாள் பாறை இடுக்கில் ஈரம் கசிந்ததாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நனைவு. கூட வெட்டிக்கொண்டிருந்த ஆள் அதைக் கவனிக்காமல் கூடைச் சரளையை அதன்மேல் கொட்டி மிதித்துவிட்டான். சரளையை அள்ளிவிட்டுப் பார்த்தபோது ஈரம் இல்லை. அதற்கப்புறம் இன்னும் இருபத்திரண்டு அடி வெட்டியும் ஒரு சொட்டு இல்லை. ஈரம் தானாக வற்றியதா, முதலிலேயே மழைக்கசிவுதானா என்று யார் கண்டார்கள். வெள்ளைச்சாமி மட்டும் சாகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "ஊத்துக்கண்ண அடைச்சுட்டோம்டா. தானா வந்த தாயோட கண்ண மூடிட்டோம். இனிமே நம்ம குடும்பத்துல எவனும் அதைச் செய்யக் கூடாது." வெட்டியெடுத்த சரளையெல்லாம் கிணற்றைச் சுற்றி ஒரு குன்று போலக் கிடந்தது. அவர் செத்த பிறகு மருதை அந்தக் கொல்லையை ரெங்கம்மாள் என்ற பக்கத்துக் காட்டுக்காரிக்கு விற்றுவிட்டு, மனைவியோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்தான். அது ஐம்பத்துமூன்றில்.

வந்தவன் திருச்சி மார்க்கெட்டில் அப்துல் சலாம் பாயின் வாழைமண்டியில் சுமை தூக்கினான். தொட்டியத்திலிருந்து வண்டி வண்டியாகத் தார் வந்து இறங்கும். சும்மாடு வைத்து, தலையில் ஒன்று தோளில் ஒன்று. நாலு வருஷத்தில் அவன் பிடரி எலும்பு ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவான். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர், "இன்னும் கொஞ்ச வருஷம் இப்படித் தூக்கினீன்னா கை ரெண்டும் மரத்துப்போயிடும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மயிலம்மாள் அழுதாள். மருதை அழவில்லை. யோசித்தான்.

காயைப் பழமாக்கும் மூட்டம் போட்டால் சுமை தூக்க வேண்டாம். பூமிக்கடியில் ஓர் அறை. அதில் தார்களை அடுக்கி, சட்டியில் தணல் போட்டு, வைக்கோலும் வாழைச்சருகும் இட்டுப் புகையவிட்டு, கதவைச் சேற்றால் பூசி மூட வேண்டும். ஒன்றரை நாள் கழித்துத் திறந்தால் பச்சை வெளுத்திருக்கும். ஸ்ரீரங்கத்துக்குப் பழம் எவ்வளவு இருந்தாலும் போதாது. சலாம் பாயும், "நீ கீழறை ஒண்ணு கட்டு மருதை. ஸ்ரீரங்கத்துக்கு வேண்டிய தாரு பூரா உன் வீட்டுலயே இறக்குறேன், இன்ஷா அல்லா" என்றார்.

மேலூர் ரோட்டில், பின்பக்கம் வாய்க்கால் ஓடும் ஒரு மனை கொல்லை விற்ற காசுக்குக் கிடைத்தது. இரண்டு அறை வீடு. அதன் கீழே ஒன்பது அடிக்கு நிலவறை. மருதையே வெட்டினான். பங்குனியில் வெட்டினான். தை முடிந்து வாய்க்காலை அடைத்துவிட்டிருந்த மாதம். காவிரியில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. "மயிலு, எங்கப்பன் பதினோரு வருஷம் வெட்டுனதை நான் பதினோரு நாள்ல வெட்டிருவேன் போலிருக்கே!" என்று குழிக்குள்ளிருந்து சிரித்தான். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "ஆத்துக்கும் ஆத்துக்கும் நடுவுல இருக்கோம், இவ்வளவு ஆழமா வெட்டுறாரே உங்க வூட்டுக்காரரு?" என்றாள். மயிலம்மாளுக்கு அது பொறாமையாகப் பட்டது.

ஆழம் என்றால் வறட்சி. அதுதான் அவர்களுக்குத் தெரிந்த பூமி.

இப்போது அந்த ஆனிக் காலையில், மேட்டூரைத் திறந்து ரெண்டு வாரம் ஆகி வாய்க்கால் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தபோது, மருதை நிலவறையில் குந்தி உட்கார்ந்து அந்தத் துவாரத்தைப் பார்த்தான். எழுந்து போய்ப் பின்கட்டிலிருந்து ஒரு கூடை களிமண் கொண்டுவந்தான். மூட்டக் கதவு பூசுவதற்காக மிதித்து வைத்திருந்த மண்.

மயிலம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன செய்யப் போறீங்க?"

"அடைக்கணும் புள்ள. இங்க தாரு நிக்குது."

"கண்ண அடைக்கிறதா? மாமா என்ன சொல்லிட்டுச் செத்தாங்க?"

"அது கிணறு."

"தானா வந்த தண்ணி எங்க வந்தாலும் அது ஊத்துதான். அங்க அடைச்சதுக்குத்தான் நாம ஊரை விட்டே வந்துட்டோம். இங்கயும் அடைச்சுட்டு எங்க போறது?"

அவன் கூடையைக் கீழே வைத்தான். அவனுக்கும் அதே பயம்தான். அவள் வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். "சரி, ஓரமா வாய்க்கா வெட்டி ஒரு குழியில விழ வுடுறேன். மொண்டு ஊத்திக்கலாம்" என்றான்.

மயிலம்மாள் துவாரத்தைச் சுற்றி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு சூடத்தைக் கொளுத்தினாள். பிறகு குடத்தை எடுத்து மொள்ள ஆரம்பித்தாள். பன்னிரண்டு படி ஏறி, கொல்லையில் கொட்டி, பன்னிரண்டு படி இறங்கி. முதல் நாள் ஆறு குடம். ஊரில் நடையாய் நடந்து வீட்டுக்குள் கொண்டுவந்த தண்ணீரை, இங்கே வீட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறோமே என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஆடி பிறந்தபோது நாள் ஒன்றுக்கு நாற்பது குடம்.

பதினெட்டாம் பெருக்குக்காகச் சலாம் பாய் இருநூறு தார் இறக்கினார். ரஸ்தாளியும் பூவனும். மருதை தரையில் பலகை போட்டு அதன்மேல் அடுக்கினான். புகை போட்டான். ஈரத்தில் புகை ஏறவில்லை. சுவர் வேர்த்துத் தண்ணீர் சொட்டு சொட்டாக விழுந்தது. கதவைத் திறந்தபோது காய் பச்சையாகவே இருந்தது. மறுபடி மூடினான். மறுபடி திறந்தபோது காம்பு அழுகி, தொட்டதும் சீப்பு சீப்பாக உதிர்ந்தது. ஊரே காவிரிக்குப் புதுத்துணி கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்த காலையில், அவர்கள் இரண்டு பேரும் அழுகல் தாரை வாய்க்கால் கரையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பவுனம்மாள் கையில் காதோலை கருகமணித் தட்டோடு நின்று, "என்ன மயிலு, அம்மா மண்டபத்துக்கு வரலையா? ஆமாமா, நீ எதுக்கு வரணும். காவேரியே உன் வூட்டுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கா" என்றாள். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். மயிலம்மாளும் சிரித்தாள். வேறு என்ன செய்ய.

சலாம் பாய் சத்தம் போடவில்லை. நிலவறையை எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கோவப்படல மருதை. ஆனா உன் கீழறை காயிற வரைக்கும் என்னால இங்க ஒரு தாருகூட இறக்க முடியாது. தப்பா எடுத்துக்காதே."

"காய வச்சிருவேன் பாய்."

"காய வையி. நான் எங்க போயிடப் போறேன்?"

அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாகப் போயிற்று. ஏனென்றால் அது காய்ந்தது. மாசியில் வாய்க்காலை அடைத்த பத்தாம் நாள் துவாரம் ஊறுவதை நிறுத்தியது. பங்குனியில் தரை வெளுத்தது. சித்திரையில் சுவரைத் தட்டினால் பானையைத் தட்டுகிற ஓசை. ஒருபோதும் ஈரமே கண்டிராத அறைபோலச் சாதுவாக நின்றது.

பாலக்கரையிலிருந்து ஜெகபர் சாதிக் என்ற கொத்தனாரை மருதை அழைத்து வந்தான். அவர் இறங்கி, சுவரைத் தடவி, துவாரத்துக்குள் ஒரு கம்பியை விட்டார். கம்பி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு முழம் போனதும் வெளியே இழுத்தார்.

"எப்ப இது முதல்ல வந்துச்சு?"

"போன ஆனியில."

"அன்னைக்கே ஒரு கூடை களிமண்ணத் திணிச்சு, மேல ஒரு கல்ல வச்சு இடிச்சிருந்தீங்கன்னா முடிஞ்சிருக்கும். ஏழெட்டு மாசம் ஓட வுட்டிருக்கீங்க. அது சும்மாவா வருது? உள்ள இருக்கிற மணல அரிச்சு அரிச்சுக் கூட்டிட்டு வருது. சுவத்துக்குப் பின்னால இப்ப எத்தனை வழி இருக்கோ. எவன் சொன்னான் அடைக்காதேன்னு?"

மயிலம்மாள் படியில் நின்றிருந்தாள். மருதை உடம்போடு திரும்பினான், அவளைப் பார்த்தான், மறுபடி கொத்தனார் பக்கம் திரும்பினான்.

"சரிங்க பாய். இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு எந்த நாளும் சொல்லவில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால், தலைமுடியைப் பிடித்து அந்தத் துவாரத்தின் முன்னால் உட்காரவைத்து, பாருடி என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அவன் சொல்லாமல் விட்டது அவளுக்குள் ஊறிக்கொண்டே இருந்தது.

முதல் வருஷம் சுண்ணாம்பில் கடுக்காய் ஊறல் கலந்து பூசினார்கள். ஆனியில் பூச்சு அப்பளம்போல உப்பி விழுந்தது. அடுத்த வருஷம் தெற்குச் சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்பி, நடுவில் களிமண்ணை இடித்து இறுக்கினார்கள். தண்ணீர் மேற்குச் சுவர் வழியாக வந்தது. அதற்கடுத்த வருஷம் சிமெண்டு. சிமெண்டு நன்றாக இருந்தது. அதில் ஒரு கசிவும் இல்லை. தரைதான் நடுவில் பிளந்தது.

ஒவ்வொரு சித்திரையிலும் மருதை காய்ந்த தரையில் துண்டை விரித்துப் படுத்துப் பார்ப்பான். "இந்தத் தடவை நின்னுடும் மயிலு. பாரு, முதுகுல ஒட்டவே இல்ல" என்பான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாங்க என்பாள். ஒவ்வொரு ஆனியிலும் மேட்டூர் திறந்த செய்தி வரும். ஊர் முழுக்கச் சந்தோஷப்படும். வயற்காரர்கள் வாய்க்காலில் பூப்போட்டு வரவேற்பார்கள். அவர்கள் வீட்டில் மட்டும் அடுப்பு புகையாது.

வீட்டுச் செலவுக்கு மருதை மார்க்கெட்டில் மறுபடி சுமை தூக்கப் போனான். முதலில் ஆனியிலிருந்து தை வரைக்கும் மட்டும் என்றான். பிறகு மாசியிலும் போனான், சிமெண்டு வாங்க வேண்டும் என்று. சலாம் பாய், கணக்குப் பார்க்கிற வேலை இருக்கிறது, உட்கார்ந்தே செய்யலாம் என்றார். "எனக்குக் கையெழுத்தே போட வராது, என்னை எங்க பாய் உட்கார வைப்பீங்க" என்று மருதை சிரித்தான். இரவில் அவனுக்கு இடது கை விரல்கள் மரத்துப்போகும். மயிலம்மாள் உப்பு ஒத்தடம் கொடுப்பாள். நாள் முழுக்கக் குடம் தூக்கிய கையால், தார் தூக்கிய கையைப் பிடித்துவிடுவாள்.

மூன்று பிள்ளை தங்கவில்லை அவளுக்கு. குடம் தூக்கியதால்தான் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் இருதயமேரி சொன்னாள். "தூக்காம இருந்தா வீடு முழுகிடுமே சிஸ்டர்" என்றாள் மயிலம்மாள்.

அறுபத்தொன்று ஆடியில் காவிரி கரைதொட்டு ஓடியது. நிலவறையில் ஒன்பது படி முங்கியது. மொள்ளுவதில் அர்த்தமில்லை என்று தெரிந்த பிறகும் அவள் மொண்டாள். அந்த வெள்ளம் வடிந்தபோது மேலே, அவர்கள் படுக்கும் அறையின் சுவரில், தரையிலிருந்து உத்தரம்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. மறுபடி வந்து பார்த்த ஜெகபர் சாதிக், இந்த முறை நிலவறைக்குள் இறங்கவே இல்லை.

"அண்ணே, வீடு நிக்கணுமா, கீழறை வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மருதை பதில் சொல்ல இரண்டரை வருஷம் எடுத்துக்கொண்டான். அறுபத்துநாலு மாசியில், தரை வழக்கம்போல வெளுத்துச் சாதுவாக நின்றபோது, "தூத்துடலாம்" என்றான். அந்த ஒரு சொல்லோடு, இனிச் சாகும்வரை சுமைதான் என்பதும் முடிவாகிவிட்டது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"ஆத்து மணலைக் கொட்டுனா அரிச்சிட்டுப் போயிடும். கெட்டியான சரளையா கிடைச்சா நல்லது" என்றார் கொத்தனார்.

கெட்டியான சரளை எங்கே கிடக்கிறது என்று மருதைக்குத் தெரியும்.

மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு கொள்ளிடப் பாலம் தாண்டி இருவரும் திருவெள்ளறைக்குப் போனார்கள். பதினோரு வருஷம் கழித்து. ரெங்கம்மாள் கொல்லையில் கம்பு கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "அந்தக் குன்றையா? தாராளமா அள்ளிட்டுப் போங்க. பாம்பு அடையுது அதுல. நானே ஆள் வச்சுத் தள்ளணும்னு இருந்தேன்" என்றாள். பிறகு மருதையை ஏற இறங்கப் பார்த்தாள். "ஸ்ரீரங்கத்துல தண்ணிக்குக் கொறைவில்லாம இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். ஆளு ஏன் இப்படி இளைச்சுட்டே?"

"தண்ணி ஜாஸ்தியாப் போச்சு அத்தாச்சி" என்றான் மருதை.

அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிச் சிரித்தாள்.

மயிலம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். அறுபத்திரண்டு அடிக்குக் கீழே ஒரு காட்டாமணக்குச் செடி முளைத்திருந்தது. மருதை எட்டிப் பார்க்கவில்லை. கழுத்துதான் குனியாதே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினோரு நாள் வண்டிகள் ஓடின. அவன் அப்பன் பதினோரு வருஷம் வெட்டியெடுத்த சரளை பூராவும் அந்த நிலவறைக்குள் போயிற்று. குன்று இருந்த இடம் மொட்டையாகிவிட்டது. மருதையே கொட்டினான், மருதையே இடித்தான். கடைசியாக அந்தத் துவாரம் இருந்த மூலை; முன்னால் எழுப்பிய சுவரும் களிமண்ணும் வெள்ளத்தில் சரிந்து, அது மறுபடி வெளியே தெரிந்தது. மஞ்சளும் குங்குமமும் பூசிய தடம்கூட அங்கே இல்லை, எப்போதோ கரைந்துவிட்டது. அவன் கூடையோடு நின்றான். மயிலம்மாளைப் பார்த்தான்.

"நீ கொட்டு" என்றான்.

அவள் அன்றைக்குத் தடுத்ததைப் பற்றி ஏழு வருஷத்தில் அவன் சொன்னது அது ஒன்றுதான். குற்றம் சாட்டினானா, மன்னித்தானா, இல்லை கை மரத்துப்போனதால் கொடுத்தானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கூடையை வாங்கி ஊற்றுக்கண்ணின்மேல் கொட்டினாள். காலால் மிதித்தாள்.

மேலே களிமண் போட்டு, சாணி மெழுகி, அந்தப் பங்குனியிலிருந்து தரை ஒரே மட்டமாயிற்று. அடியில் அறை ஒன்று இருந்தது என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. பவுனம்மாள் வந்து பார்த்து, "அப்பாடா, விட்டதே சனியன்" என்றாள். இந்த முறை அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

ஆனி வந்தது. மேட்டூர் திறந்தார்கள். வாய்க்கால் நிறைந்தது. மயிலம்மாள் தினமும் விடியலில் எழுந்து, மெழுகிய தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரமும் ஒன்றுமில்லை. இருபதாம் நாள் காலை, அவன் படுத்திருந்த பாய்க்குத் தெற்கே, உள்ளங்கை அகலத்துக்குத் தரை கறுத்திருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. அவன் முகம் கழுவக் கொல்லைக்குப் போன நேரம் பார்த்து, பாயை இழுத்து அந்தக் கறுப்பின்மேல் போட்டாள். மருதை உள்ளே வந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். ஆணியில் தொங்கிய துணியை எடுத்துச் சும்மாடு சுற்றினான். இடது கை ஒத்துழைக்காததால் பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு சுற்றினான்.

"பாயை இழுத்துப் போட்டா தெரியாதா மயிலு?" என்றான் வாசற்படியில் நின்று. "மூணு நாளா முதுகுல ஒட்டுது."

"ஏங்க..."

"தொட்டியம் வண்டி வந்திருக்கும். போயிட்டு வரேன்."

உடம்போடு திரும்பி, தெருவில் இறங்கிப் போனான். கண்ணுக்கு மறையும்வரை அவள் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பாயைச் சுருட்டினாள். கறுத்த இடத்தில் விரல்களை அழுத்தினாள். மெழுகின பூச்சும் களிமண்ணும் பெயர்ந்து, அதற்கடியிலிருந்து சரளையோடு வந்த செம்மண் குழைந்து விரலில் ஏறியது. மாமனார் வெட்டிய மண். வானத்திலிருந்து விழாமல், அடியிலிருந்து ஊறி அந்த மண் நனைந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குடத்தை எடுத்து வைத்தாள். மொள்ளுவதற்கு இன்னும் ஒன்றும் இல்லை. ஆனாலும் எடுத்து வைத்தாள்.